உயிரை மிச்சம் பிடிக்கிறவன்

செம்பூர்
24 ஏப்ரல் 2025

என் உயிரை வாங்குவதற்கென்றே எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி டென்சிலுக்கு,

அக்கா ஆனி எழுதுவது. உடனே போனை எடுக்காதே. உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின வாரத்தில் நீ அனுப்பிய பழைய வீடியோ கேம் கேசட் போட்டோக்களை வைத்து ஒரு கல்யாண ஆல்பமே போடலாம். முன்பக்கம், பின்பக்கம், ஸ்டிக்கர் கிழிந்த மூலை, கிழியாத மூலை. ஒன்றையாவது போட்டு ஆடினாயா என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் வராது.

பேசித் தீர்க்கலாம் என்றால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ வாயைத் திறப்பாய். கடிதத்தில் அது முடியாது. அதுவும் உனக்கு சண்டே ஸ்கூலில் படித்த தமிழ்தான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நல்லதாகப் போயிற்று. மெதுவாகவே வாசி.

ஈஸ்டர் அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் மட்டன் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். நான் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் டிவிக்குக் கீழே இருந்த வீடியோ கேமைக் காணோம். இரண்டு ரிமோட்டும் இல்லை, துப்பாக்கி கேசட்டும் இல்லை. "சர்வீஸ் பண்ணிக் கொண்டாரேன் அத்தான்" என்று உன் அத்தானிடம் சொல்லிவிட்டு எடுத்துப் போயிருக்கிறாய். ஜனவரியில் பக்கவாதம் வந்த பிறகு ஏஞ்சலோவுக்குச் சொல் மெதுவாகத்தான் வருகிறது என்று உனக்குத் தெரியாதா? "வேண்டாம்" என்று சொல்ல அவர் வாயெடுத்திருக்கிறார். அந்தச் சொல் வந்து சேர்வதற்குள் நீ லிஃப்டில் இறங்கிவிட்டாய்.

அந்த மிஷினுக்கு எந்த சர்வீசும் வேண்டாம். நான் ஸ்கூல் ஆபீசிலிருந்து வந்து டீ போட்டதும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆடுவோம். அது எங்கள் வீட்டில் சும்மா பொழுதுபோக்கு இல்லை. ஏன் என்று கேட்காதே, யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். இப்போது சாயங்காலமானால் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். டிவி அணைந்துதான் இருக்கிறது.

கீழ்மாடி கணேசபாண்டியனுக்கு தாணேயில் உன் ஆபீஸ் பக்கம்தான் வேலை. இந்தக் கடிதம் அவர் கையில் வருகிறது. மிஷின் அவர் கையிலேயே திரும்பி வரவேண்டும்.

இப்போதைக்கு உன் அக்காவாக இருக்கும்
ஆனி


தாணே
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

டென்சில் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. எழுத்துப்பிழைகளை மன்னிக்கவும். கணேசபாண்டியன் அண்ணன் கையில் இரண்டாவது பை ஒன்று இருக்கும். முதலில் அதைத் திறந்து பார்த்துவிட்டு மேலே வாசி.

பார்த்தாயா? கையடக்கமான புது மிஷின். உள்ளே பத்தாயிரம் கேம் இருக்கிறது. நம் துப்பாக்கி கேமும் அதில் உண்டு. கேசட் தேவையில்லை, டிவி தேவையில்லை, சார்ஜ் போட்டால் போதும். நீயும் அத்தானும் ஆயுசுக்கும் ஆடலாம். ஆக, உனக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

இப்போது பழைய மிஷினைப் பற்றி. நான் இன்சூரன்ஸ் சர்வேயர். வெள்ளத்தில் மூழ்கிய கார், எரிந்துபோன குடோன், எலி கடித்த ஏசி எல்லாம் பார்த்தவன். அப்படிப்பட்ட எனக்கே அந்த மிஷினின் நிலையைப் பார்த்து மனசு ஆறவில்லை. கேசட் போடும் வாயில் பிஸ்கட் தூள். முதல் ரிமோட்டில் மஞ்சள் கறை, மட்டன் குழம்பு என்றே நினைக்கிறேன். படம் வரவில்லை என்றால் கேசட்டின் உள்ளே வாயால் ஊதுகிற பழக்கத்தை நீ இன்னும் விடவில்லை என்பதும் தெரிந்தது. அக்கா, ஊதவே கூடாது. எச்சில் ஈரம் பட்டு உள்ளே பித்தளைப் பல்லெல்லாம் கறுத்துப்போகும்.

எல்லாவற்றையும் விட மோசம் இரண்டாவது ரிமோட்தான். வலதுபக்கப் பொத்தானின் மேல் குழாய் ஓட்டை அடைக்கிற எம்-சீலை யாரோ உருட்டி ஒட்டி வைத்திருந்தீர்கள். பார்க்க அவ்வளவு அசிங்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, பொத்தானில் ஒரு கீறல் விழாமல் பிளேடால் சுரண்டி எடுத்தேன். இப்போது கடையிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது. நீ பார்த்தால் நம்பமாட்டாய்.

கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது அது. மும்பையில் இருப்பதெல்லாம் நகல் மிஷின்தான். இந்த மாதிரி அசல் என் அறிவுக்கு இங்கே வேறொன்று இல்லை. மாட்டுங்காவில் சாய்நாத் என்று ஒருவர் இருக்கிறார், எங்கள் சேகரிப்பாளர் குழுவுக்குத் தலைவர். மே 11 ஞாயிறு அன்று அங்கே ஒரு ஹாலில் கண்காட்சி வைக்கிறோம். நடு மேஜை நம் மிஷினுக்குத்தான்.

விளையாடினால் தேயும், வைத்திருந்தால் இருக்கும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2005 மழையில் தாராவி வீட்டில் தரையில் இருந்தது எல்லாம் போயிற்று. அப்பாவின் ஆர்மோனியம் மிதந்து கதவில் போய் இடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பரணில் அட்டைப்பெட்டியில் இருந்த இந்த மிஷின் மட்டும்தான் தப்பியது. அம்மா போன பிறகு நீதான் அதைக் கொண்டுபோனாய், நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். துப்பாக்கி கேமில் உன் உயிரையெல்லாம் முதல் ஐந்து நிமிஷத்தில் தீர்த்துவிடுவாய். நான் பின்னால் பதுங்கி, ஒவ்வொன்றாக மிச்சம் பிடித்து வைத்திருப்பேன். நீ பொத்தானை அமுக்கி என் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்வாய். கேட்கக்கூட மாட்டாய். கேமில் அப்படி வசதி இருக்கிறது என்பதற்காக எடுத்துவிடுவதா?

அன்புடன்
டென்சில்


செம்பூர்
2 மே 2025

டென்சில்,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபத்தில் பாதி விளங்கவில்லை. இரண்டாம் தரம் முழுசாக விளங்கிவிட்டதால் கோபம் அதிகமாகிவிட்டது.

சொல்லக்கூடாது என்று உன் அத்தான் சொன்னதை இப்போது சொல்லப்போகிறேன். அவர் கோபித்துக்கொண்டால் அந்தப் பாவம் உன் தலையில்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவருடைய வலது கை மடியில் கிடந்தபடி கிடந்தது. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் அமுக்கச் சொன்னார். இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் ஜன்னல் வழியாக வீசிவிட்டார். "நான் என்ன... கொளந்தையா?" என்று அந்த மூன்று சொல்லைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. ஸ்கூல் பஸ் ஓட்டின கை அது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் கத்தினாலும் ஸ்டியரிங்கில் ஆடாத கை.

பிப்ரவரியில் ஒரு நாள் அலமாரி மேலே தூசி தட்டும்போது அந்தப் பெட்டியை இறக்கினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா மாட்டிக் கொடுத்தேன். பொத்தானில் அவர் கட்டைவிரல் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கிப் போயிற்று. நான் எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. சமையல்கட்டுக் குழாய்க்கு வாங்கி வைத்திருந்த எம்-சீலைக் கை காட்டிக் கேட்டார். இடது கையாலேயே பிசைந்து பொத்தானின் மேல் ஒட்டி, வலது கட்டைவிரலை அதில் பதித்து, அது இறுகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் குழி அவருடைய விரலுக்கு அவரே செய்துகொண்ட இடம். நீ பிளேடால் சுரண்டி எடுத்த அசிங்கம் அதுதான். அது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சேதம் என்று எழுதிப் பழகினவனுக்கு எல்லாம் சேதமாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

அந்தக் குழியில் விரல் நின்றது. முதலில் ஒரு தரம் குதிக்கக்கூட முடியாது, அதற்குள் குண்டு பட்டுச் செத்துவிடுவார். உயிர் தீர்ந்ததும் அந்தப் பொத்தானை அமுக்கி என் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்வார். அந்த அமுக்குதான் அவருக்கு வைத்தியம். ரப்பர் பந்தை வீசின மனுஷன், என் உயிரை எடுப்பதற்காக ஒரு சாயங்காலத்துக்கு எத்தனை தரம் அமுக்குவார் தெரியுமா! நானும் அவருக்காகத்தான் உயிரைச் சேர்ப்பேன். உன்னை மாதிரிப் பதுங்கிச் சேர்த்தேன், ஆனால் கொடுப்பதற்காகச் சேர்த்தேன்.

குருத்தோலை ஞாயிறு அன்று கோவிலுக்குக் கிளம்பும்போது சட்டையின் மேல் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி நின்றேன். அடுத்த ஞாயிறு நீ வந்தாய். இப்போது மறுபடியும் நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். கழுத்தை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். அதை என்னால் பார்க்க முடியவில்லை டென்சில்.

உன் பத்தாயிரம் கேம் மிஷினைக் கணேசபாண்டியன் கையில் திருப்பி அனுப்புகிறேன். அதில் ஒரு ஆள்தான் ஆட முடியும். உயிர் தீர்ந்தால் தீர்ந்ததுதான், எடுத்துக்கொள்ளப் பக்கத்தில் யாரும் கிடையாது.

ஆனி


தாணே
5 மே 2025

அக்கா,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

சுரண்டி எடுத்ததை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன். உன் கடிதத்தை வாசித்துவிட்டு எங்கள் குடியிருப்பின் பொதுக் குப்பைத்தொட்டியில் போய்க் கையைவிட்டுத் தேடினேன். "என்ன சாப், மோதிரமா?" என்று வாட்ச்மேன் இந்தியில் கேட்டான். "கட்டைவிரல்" என்று சொல்லிவிட்டேன். என் கையை எண்ணிப் பார்த்துவிட்டு அவன் தள்ளிப் போய் நின்றுகொண்டான். முனிசிபாலிட்டி வண்டி எப்போதோ வந்து அள்ளிப் போயிருக்கிறது.

மிஷினைத் திருப்பித் தந்துவிடுகிறேன். ஆனால் ஒரு சிக்கல். அதை ஏற்கெனவே சாய்நாத்திடம் கொடுத்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். கண்காட்சி நோட்டீஸில் அதன் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். 11-ஆம் தேதி முடிந்ததும் மறுநாளே கொண்டுவருகிறேன். அதுவரை பொறுக்க முடியுமா? அத்தானுக்கு நல்ல பிசியோதெரபி கருவி ஒன்று ஆன்லைனில் பார்த்தேன், விரல் பயிற்சிக்கென்றே செய்தது. அனுப்பட்டுமா?

கோபப்படாமல் எழுது.

டென்சில்


செம்பூர்
12 மே 2025

டென்சில்,

கோபப்படாமல் எழுதச் சொன்னாய். அதற்காகத்தான் ஒரு வாரம் எழுதவில்லை. கோபம் போகவில்லை, எனவே அதோடேயே எழுதுகிறேன்.

நேற்று நாங்கள் மாட்டுங்கா வந்திருந்தோம். அந்த நோட்டீஸைக் கணேசபாண்டியன் போனில் காட்டினார். "போலாம்" என்றார் உன் அத்தான். ஒரே சொல், திக்காமல் வந்தது. ஆராதனை முடிந்ததும் டாக்ஸி பிடித்து வந்தோம்.

நடு மேஜையில் இருந்தது நம் மிஷின். பளபளவென்று யாரோ பணக்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது. மேலே விளக்கு, கீழே வெல்வெட், பக்கத்தில் ஒரு அட்டை. "விளையாடிய தடயமே இல்லாத அபூர்வ நிலை." இதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? நீயும் நானும் எத்தனை மே மாதம் அதன் முன்னால் கிடந்தோம்! நம் இரண்டு பேர் சின்ன வயசையும் துடைத்துப் போட்டுவிட்டு அதற்கு அபூர்வம் என்று பெயர் வைத்திருக்கிறாய். குழம்புக் கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அது நாம் இருந்த அடையாளம்.

உன் அத்தான் அந்தப் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு வலது கையைத் தூக்கினார். இடது கையால் தாங்காமல் தூக்கினார். இரண்டாவது ரிமோட் இருந்த இடத்துக்கு நேராகக் கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தார். உடனே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், உன் சாய்நாத்தாகத்தான் இருக்கும், ஓடி வந்தார். "சார், சார், கண்ணாடியத் தொடாதீங்கோ. ரேகை படியறது பாருங்கோ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கைக்குட்டையால் அந்த ரேகையைத் துடைத்தார். ஏஞ்சலோ அந்தக் கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை வெளியே எடுக்கவில்லை.

ஹால் ஓரத்தில் இருந்த கண்காட்சி பேனருக்குப் பின்னால் நீ நின்றதைப் பார்த்தேன். உன் பிரவுன் ஷூ கீழே தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்த ஷூ. வந்து ஒரு வார்த்தை "வாங்க அத்தான்" என்று சொல்லியிருந்தால் நான் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். அப்போதும் பின்னால் பதுங்கி நின்றாயே, அதுதான் பொறுக்கவில்லை.

மிஷினை நீயே வைத்துக்கொள். இனி எனக்கு வேண்டாம்.

ஆனி


தாணே
14 மே 2025

அக்கா,

"இனி எனக்கு வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். நீ திட்டினால் எனக்கு ஒன்றும் ஆகாது, பழக்கம்தான். இப்படி எழுதினால் பயமாக இருக்கிறது.

பேனருக்குப் பின்னால் நின்றது நான்தான். நீங்கள் உள்ளே வருவதைப் பார்த்ததும் கால் அதுவாகவே போயிற்று. அத்தான் கையைத் தூக்கியதையும் பார்த்தேன். அந்தக் கை தூக்க முடியாத கை என்று நீ எழுதியிருந்தாயே, அது தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாய்நாத் துடைத்தபோது "விடுங்க, அவர் எங்க அத்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. அத்தானுக்கு தினமும் அப்படித்தான் இருக்கும் இல்லையா?

நீங்கள் போன பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மிஷினை எடுத்துவிட்டேன். கண்காட்சி முடிய இன்னும் நேரம் இருந்தது. "வாக்கு குடுத்துட்டு இப்படிப் பண்றேளே, நடு மேஜை காலியா இருந்தா நன்னாவா இருக்கும்?" என்று சாய்நாத் கோபித்துக்கொண்டார். அங்கே அந்த பத்தாயிரம் கேம் மிஷினை வைத்துவிட்டு வந்தேன். குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மிஷின் ஓடுகிறதா என்று பார்க்க நினைத்தேன். ஒரு சுவர் முழுக்க வீடியோ கேம் வைத்திருக்கும் என் வீட்டில் அதை மாட்ட ஒரு டிவி இல்லை அக்கா. என் புது டிவியில் அந்த வயருக்கு ஓட்டையே கிடையாது. எதிர்வீட்டு சஃப்ரீன் ஆன்ட்டி பால்கனியில் பழைய டப்பா டிவி மேல் துளசித்தொட்டி மாதிரி ஒரு செடியை வைத்திருந்தார். கேட்டு வாங்கி வந்தேன். செடியையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்.

படம் வந்தது, பாட்டும் வந்தது. இரண்டு பேர் ஆட்டம் என்று வைத்து நான் மட்டும் ஆடினேன். பழக்கதோஷம், பின்னால் பதுங்கினேன். முன்னால் போக யாரும் இல்லாததால் ஸ்கிரீன் நகரவே இல்லை. முன்னால் போனேன், செத்தேன். மறுபடியும் செத்தேன். எல்லாம் தீர்ந்ததும் என் கை தானாகவே பொத்தானை அமுக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது ஆள் எப்போதோ நின்ற இடத்திலேயே எல்லா உயிரையும் விட்டிருந்தான், அவனை ஆட யார் இருக்கிறார்கள்? அப்புறம் டிவியை அணைத்துவிட்டு அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சின்ன வயசில் நீ என் உயிரை எடுக்கும்போது, "யம்மா, அக்கா என் உயிர எடுத்துட்டா!" என்று கத்துவேன். "ரெண்டு பேரும் சேந்து என் உயிர எடுக்கியலே" என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள். அன்றைக்கெல்லாம் கேம் எவ்வளவு தூரம் போயிற்று! நான் சேர்த்து வைத்ததால் போயிற்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மிஷினைக் கொண்டுவருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

டென்சில்


செம்பூர்
20 மே 2025

உயிரை மிச்சம் பிடிக்கிற தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? மிஷினைத் தொடுவதற்கென்று நீ போட்டுவந்த வெள்ளைக் கையுறை ஒரு ஜோடியை எங்கள் சோபாவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அக்கா வீட்டுக்கு சாப்பிட வருகிறவன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிறவன் மாதிரி கையுறை போட்டுக்கொண்டு வருவானா? அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது நான் அடுப்பிலிருந்து குக்கரை இறக்குகிறேன்.

ஞாயிறு நடந்ததை உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய், நீயும்தானே இருந்தாய். நீ ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் படம் வரவில்லை. "நேத்து வந்துதே, நேத்து வந்துதே" என்று கேசட்டை பஞ்சில் துடைத்தாய், பிரஷ்ஷில் தட்டினாய். "ஊதுல" என்று நான் சொன்னதற்கு, "ஊதவே கூடாதுக்கா, எத்தன வாட்டி சொல்லுதேன்!" என்று கத்தினாய். நாம் ஒன்றுமில்லாததற்குக் காலிபீலி சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது உன் அத்தான் உன் கையிலிருந்து கேசட்டை எடுத்துவிட்டார். அவருக்கு வாய் ஒரு பக்கம் இன்னும் கோணல்தான், காற்று பாதி வெளியே போயிற்று. ஆனாலும் ஊதினார். வலது கையில் பிடித்து ஊதினார். போட்டார், படம் வந்தது. உன் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும். பித்தளைப் பல் கறுத்தால் கறுக்கட்டும் போ.

என்னிடம் ரிமோட்டைத் தராமல் நீயே அவரோடு உட்கார்ந்தாயே, அது எனக்குப் பிடித்தது. நீ வழக்கம்போலப் பதுங்கினாய். அவர் முன்னால் போய்ப் போய்ச் செத்தார். அவர் உயிர் தீர்ந்தது. குழி இல்லாத பொத்தானில் கட்டைவிரலை வைத்தார், வழுக்கிற்று. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கிற்று. நான் எழுந்து பிடித்துவிடலாமா என்று நினைத்தேன். அவருக்கு நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. அப்புறம் விரலை மடக்கி, கணுவை வைத்து, உடம்பையே சாய்த்து அமுக்கினார். பட்டென்று அவர் ஆள் மேலேயிருந்து குதித்தான்.

நீ என்ன செய்தாய் என்று உனக்கே நினைவிருக்காது. நாற்பது வயசு ஆம்பிள்ளை, இன்சூரன்ஸ் சர்வேயர், நான் பக்கத்திலேயே இருக்க அடுக்களைப் பக்கம் திரும்பி, "யக்கா! அத்தான் என் உயிர எடுத்துட்டாரு!" என்று கட்டடமே கேட்கக் கத்தினாய்.

டென்சில், அவர் சிரித்தார். ஜனவரிக்கு அப்புறம் அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்கவில்லை. நீ அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாய் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அடுக்களைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெங்காயம் நறுக்கினேன் என்று சொன்னது பொய். வெங்காயம் நறுக்க என்ன இருக்கிறது, அன்றைக்குச் சமைத்தது மீன் பொரித்ததும் ரசமும்தான்.

அதற்கப்புறம் உன்னிடம் ஒரு உயிர்தான் மிச்சம் இருந்தது. அவர் மறுபடியும் செத்தார். உன்னைப் பார்த்தார். நீ ஸ்கிரீனைப் பார்த்தபடியே, "எடுத்துக்கிடுங்க அத்தான்" என்றாய். எனக்கு உன் மேல் இருந்த கோபத்தில் முக்கால்வாசி அங்கேயே போயிற்று. கால்வாசியை வைத்திருக்கிறேன், நீயும்தான் எதையாவது சேர்த்து வைக்கிறாயே.

மிஷினை இங்கேயே விட்டுப் போனதற்கு நன்றி சொல்லமாட்டேன், அது இங்கே இருக்கவேண்டியதுதான். உன் சுவரில் அந்த இடம் காலியாக இருக்கும். அதில் அந்தச் செடியை வை, தண்ணீர் ஊற்ற மறக்காதே.

வரும் ஞாயிறு வா. எம்-சீல் நேற்றே வாங்கிவிட்டார், கணேசபாண்டியனை அனுப்பி. உன்னை வைத்துத்தான் பிசைய வேண்டும் என்று பிரிக்காமல் வைத்திருக்கிறார். "மாப்ள... வரட்டும்" என்கிறார். முதல் ரிமோட்டில் உனக்கும் ஒரு குழி போட வேண்டுமாம், உன் விரல் பதிகிற அளவுக்கு. அபூர்வ நிலை எல்லாம் போய்விடும், அழாதே.

உன் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். கேசட் போட்டோ ஒன்று வந்தாலும் மறுபடி பிளாக் போட்டுவிடுவேன்.

கையுறை வேண்டாம். எச்சில் ஈரம் பற்றிப் பேச்சு வேண்டாம். என் உயிரை வாங்கத்தான் வருகிறாய் என்று எனக்குத் தெரியும், இந்தத் தடவை உன்னுடையதை மிச்சம் பிடிக்காமல் வா.

உன் அக்கா
ஆனி